பனி வருமுன் தொடங்கும் வேலை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம்; உன் நலமறிய ஆவல்.

உன் கடிதத்தில் நீ கேட்டிருந்த கேள்வி எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. உடம்பின் பெரும்பகுதி தண்ணீராகவே இருக்கும்போது, அந்தத் தண்ணீரே கல்லாக இறுகிப்போகும் குளிரில் மரமும் தவளையும் மீனும் எப்படிச் சாகாமல் இருக்கின்றன என்று கேட்டிருந்தாய். உயிர்கள் குளிரோடு போராடி வெல்கின்றன என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். பல ஆண்டுகள் தாவரவியல் சொல்லிக்கொடுத்த எனக்கு அந்த விளக்கத்தில் ஒருபோதும் நிறைவு ஏற்பட்டதில்லை. கடுங்குளிர் வந்து இறங்கிய இரவில் பெரும்பாலான உயிர்களால் புதிதாக எதையும் செய்துவிட முடியாது. செய்ய வேண்டியவற்றை அவை பல வாரங்களுக்கு முன்பே செய்து முடித்திருக்க வேண்டும். நான் படித்தவற்றுள் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது இதுதான். இதை உனக்கு முறையாக விளக்கவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

குளிர் எதனால் கொல்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு செல்லையும் சூழ்ந்திருக்கும் சவ்வு கொழுப்பாலானது; வெப்பம் குறையும்போது அந்தக் கொழுப்பு இறுகி, சவ்வு தன் நெகிழ்வை இழந்து கசியத் தொடங்குகிறது. வெப்பமண்டலச் செடிகள் பல, பனிக்கட்டியின் சுவடே இல்லாத 10 டிகிரி செல்சியஸில் கூட வாடிக் கருகுவதற்கு இது முக்கியமான காரணம். இரண்டாவது ஆபத்து பனிக்கட்டியே. செல்லின் உள்ளே பனிப்படிகம் உருவாகிவிட்டால் அது உள்ளமைப்பைக் கிழித்துவிடும். அதன்பின் அந்தச் செல் பிழைப்பது மிக மிக அரிது. ஆனால் செல்லுக்கு வெளியே, செல்களுக்கு இடைப்பட்ட வெளியில் உருவாகும் பனிக்கட்டியைப் பல உயிர்கள் பொறுத்துக்கொள்கின்றன. உள்ளேயா வெளியேயா என்ற இந்த ஒரு வேறுபாட்டில்தான் குளிர்நாட்டு உயிர்களின் பிழைப்பு பெரிதும் அடங்கியிருக்கிறது.

மரத்தில் நடப்பதைப் பார். செல்களுக்கு வெளியே உள்ள நீரில் கரைபொருள்கள் குறைவாக இருப்பதால் அது முதலில் உறைகிறது. உறைந்த பனிக்கட்டி செல்லுக்குள் இருக்கும் நீரை மெல்ல மெல்ல வெளியே இழுக்கிறது. செல் சுருங்குகிறது, உள்ளே எஞ்சிய சாறு அடர்த்தியாகிறது, அடர்ந்த சாறு எளிதில் உறையாது. ஆகவே உறைபனியைத் தாங்கும் மரம் உண்மையில் கடும் வறட்சியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. நீரை இழந்த செல்லின் புரதங்களையும் சவ்வுகளையும் காக்கும் டிஹைட்ரின் என்ற புரதங்கள் வறட்சிக் காலத்திலும் குளிர்காலத்திலும் ஒன்றுபோலவே உருவாகின்றன என்பதைப் படித்தபோது, இரண்டு தனித்தனிப் பாடங்களாக நான் நடத்திவந்தவை ஒரே பாடமாகிவிட்டதை உணர்ந்தேன். சர்க்கரைகளும் புரோலின் என்ற அமினோ அமிலமும் அதே வேலையில் துணைநிற்கின்றன. சவ்விலுள்ள கொழுப்பு அமிலங்களில், குளிரில் எளிதில் இறுகாத நிறைவுறா வகையின் பங்கு கூடுவதால் சவ்வு குளிரிலும் நெகிழ்வாக இருக்கிறது.

இவை எல்லாம் எப்போது நடக்கின்றன என்பதுதான் எனக்கு மிகவும் வியப்பளிப்பது. கோடையின் இறுதியில், வெயில் இன்னும் இதமாக இருக்கும்போதே, பகல் குறுகத் தொடங்குவதை இலைகள் உணர்ந்துவிடுகின்றன. ஓர் ஆண்டு குளிர் முந்தி வரலாம், இன்னோர் ஆண்டு பிந்தி வரலாம். ஆனால் பகலின் நீளம் ஆண்டுதோறும் ஒரே நாளில் ஒரே அளவாகத்தான் இருக்கும். ஆகவே வளர்ச்சியை நிறுத்துவதற்கும் மொட்டுகளை மூடுவதற்கும் அந்த நம்பகமான அடையாளத்தையே பல மரங்கள் எடுத்துக்கொள்கின்றன. பிறகு வரும் முதற்குளிர் இரவுகள் அந்த ஆயத்தத்தை முழுமையாக்குகின்றன. இதன் விளைவு எவ்வளவு பெரியது என்பதை இரண்டு செய்திகள் காட்டும். வட அமெரிக்காவின் ரெட் ஓசியர் டாக்வுட் என்ற புதர்ச்செடியின் கிளை, கோடையில் பூச்சியத்துக்குச் சில டிகிரி கீழே சென்றாலே மடிந்துவிடும். அதே செடியின் நடுக்குளிர்காலக் கிளை திரவ நைட்ரஜனின் வெப்பநிலையான மைனஸ் 196 டிகிரியையும் தாங்குகிறது. ஜப்பானிய அறிவியலாளர் அகிரா சகாய், குளிருக்குப் பழகிய மரக்கிளைகளை முதலில் மைனஸ் 30 டிகிரி அளவுக்குக் கொண்டுசென்று, அதன்பின் திரவ நைட்ரஜனில் அமிழ்த்தி எடுத்தாலும் அவை உயிரோடு இருப்பதை 1960-இல் வெளியிட்டார். படிப்படியாகக் குளிர்ந்தபோது, உறையக்கூடிய நீர் முழுவதும் செல்லைவிட்டு வெளியேறிவிட்டது. அதற்குப் பிறகு எவ்வளவு குளிர்ந்தாலும் உள்ளே உறைவதற்கு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

எல்லா மரங்களும் இந்த வழியில் செல்வதில்லை. ஓக் போன்ற மரங்களின் தண்டிலுள்ள சில செல்கள் நீரை வெளியேற்றாமல், உறைநிலைக்கு வெகுவாகக் கீழே சென்ற பின்னும் அதைத் திரவமாகவே வைத்திருக்கின்றன. படிகம் தொடங்குவதற்கு ஒரு கரு, அதாவது நீர் பற்றிக்கொண்டு உறையத் தொடங்கும் ஒரு நுண்துகள், தேவை. அந்தக் கரு எட்டாதவாறு ஒதுக்கப்பட்ட நீர் ஏறத்தாழ மைனஸ் 40 டிகிரி வரை உறையாமல் இருக்க முடியும். அதற்கும் கீழே போனால் கருவே தேவையின்றி நீர் தானாக உறைந்துவிடும் என்பது இயற்பியலின் விதி. இத்தகைய மரங்கள் வடக்கே ஓர் எல்லைக்கு மேல் காணப்படாததற்கு அந்த விதியும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அதற்கு அப்பால், சைபீரியாவின் கடுங்குளிரில், லார்ச்சும் பிர்ச்சும் நிற்கின்றன.

இந்த இரு வழிகளையும் ஒரே செடியில் காணலாம் என்பதை நீ அறிந்தால் மகிழ்வாய். வட அமெரிக்காவில் கோல்டன்ராட் என்ற மஞ்சள் பூச்செடியின் தண்டில் வீக்கங்கள் தோன்றும். ஒரு வகை வீக்கத்தினுள் ஒரு சிறு ஈயின் புழு குளிர்காலத்தைக் கழிக்கிறது. இன்னொரு வகை வீக்கத்தினுள் ஓர் அந்துப்பூச்சியின் புழு இருக்கிறது. இரண்டும் இலையுதிர்காலத்தில், செல்களைக் குளிரிலிருந்து காக்கும் கிளிசரால் என்ற பொருளைச் சேர்த்துக்கொள்கின்றன. ஆனால் ஈயின் புழு தன் செல்களுக்கு வெளியே பனிக்கட்டி உருவாக இடங்கொடுத்து உறைந்தபடியே உயிர்வாழ்கிறது. அந்துப்பூச்சியின் புழுவோ ஏறத்தாழ மைனஸ் 38 டிகிரி வரை உறையாமலேயே இருந்துவிடுகிறது. இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. ஒரே வயலில் இரண்டும் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்துவருகின்றன.

நீ கேட்ட தவளைக்கு வருகிறேன். வட அமெரிக்கக் காடுகளில், அலாஸ்காவில் துருவ வட்டத்துக்கும் அப்பால் வரை, வுட் ஃபிராக் எனப்படும் ஒரு சிறு தவளை வாழ்கிறது. அது ஆழமாக மண்ணைத் தோண்டிப் பதுங்குவதில்லை. உதிர்ந்த இலைகளுக்கு அடியிலேயே குளிர்காலம் முழுவதும் கிடக்கிறது. இத்தகைய தவளைகள் உறைந்தும் உயிர்பிழைப்பதை வில்லியம் ஷ்மிட் 1982-இல் அறிவியல் உலகுக்கு அறிவித்தார். தோலில் முதல் பனிப்படிகம் தோன்றிய சில நிமிடங்களுக்குள் கல்லீரல் தான் சேமித்துவைத்திருந்த கிளைக்கோஜனை உடைத்துக் குளுக்கோஸாக இரத்தத்தில் கொட்டத் தொடங்குகிறது. குளுக்கோஸின் அளவு வழக்கத்தைப் போலப் பல பத்து மடங்கு உயர்ந்து, இதயம் துடிக்கும் கடைசி மணிநேரங்களுக்குள் உறுப்புகளின் செல்களுக்குள் சென்று சேர்ந்துவிடுகிறது. அதன்பின் இதயம் நிற்கிறது, மூச்சு நிற்கிறது, உடம்பிலுள்ள நீரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பனிக்கட்டியாகிறது. அந்தப் பனிக்கட்டி தோலுக்கடியிலும் வயிற்றறையிலும், அதாவது செல்களுக்கு வெளியேதான் இருக்கிறது. நம் மரம் கையாண்ட அதே வழியை ஒரு தவளையும் கண்டடைந்திருக்கிறது!

அலாஸ்காவின் தவளைகள் மைனஸ் 18 டிகிரி வரையிலும், ஏழு மாதங்கள் வரையிலும் இவ்வாறு உறைந்து கிடந்து உயிர்பெற்றதை 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆய்வகத்தில் ஒரே மூச்சில் உறையவைத்த தவளைகளைவிடக் காட்டிலிருந்தவை கூடுதலாகத் தாங்கின. காட்டில் இலையுதிர்காலத்தின் கடைசி நாட்களில் அவை இரவில் உறைந்து பகலில் உருகி மீண்டும் உறைகின்றன. ஒவ்வொரு முறையும் குளுக்கோஸ் இன்னும் சற்று கூடுகிறது என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வசந்தத்தில் உருகும்போது முதலில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. ஒரு நாள் அளவில் தவளை தாவிச் செல்லும் நிலைக்கு வந்துவிடுகிறது. ஆனால் கோடையிலும் இலையுதிர்காலத்திலும் வயிறாரத் தின்று கல்லீரலை நிரப்பிக்கொள்ளாத தவளைக்கு, பனி தோலைத் தொட்ட கணத்தில் கொட்டுவதற்குச் சர்க்கரை இருக்காது.

துருவக்கடல் மீனின் நிலை வேறு. அதன் கடல் ஆண்டு முழுவதும் குளிர்ந்தே இருப்பதால் அதற்கு ஆயத்தக் காலம் என்று ஒன்று இல்லை. தலைமுறைகள்தாம் அந்த வேலையைச் செய்து முடித்திருக்கின்றன. அண்டார்க்டிகாவின் மக்மர்டோ விரிகுடாவில் கடல்நீர் மைனஸ் 1.9 டிகிரியில் இருக்கிறது. பெரும்பாலான மீன்களின் இரத்தம் அதற்கு முன்பே உறைந்துவிடும். அங்குள்ள மீன்களின் இரத்தத்தில், பனிப்படிகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு அதை மேலும் வளரவிடாமல் தடுக்கும் புரதங்கள் இருப்பதை ஆர்தர் டிவ்ரீஸ் 1960-களில் கண்டறிந்தார். செரிமானத்துக்குப் பயன்படும் ஒரு நொதியின் மரபணுவிலிருந்தே அந்தப் புரதத்தின் மரபணு உருவாகியிருக்கிறது என்பது 1997-இல் தெரியவந்தது. உலகின் மறுமுனையில், ஆர்க்டிக் காட் என்ற மீனிலும் ஏறத்தாழ அதே அமைப்புள்ள புரதம் இருக்கிறது. ஆனால் அது முற்றிலும் வேறு தொடக்கத்திலிருந்து தனியாகத் தோன்றியது.

வெப்பஇரத்த விலங்குகளைப் பற்றி நீயே நிறையப் படித்திருப்பாய் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். உரோமமும் இறகும் கொழுப்பும் நாம் அறிந்தவையே. பனிமேல் நிற்கும் கடற்காகத்தின் கால்களில், கீழிறங்கும் வெதுவெதுப்பான இரத்தமும் மேலேறும் குளிர்ந்த இரத்தமும் அடுத்தடுத்த நாளங்களில் எதிரெதிராக ஓடுவதால், வெப்பம் பாதத்தை எட்டுமுன்பே உடலுக்குத் திரும்பிவிடுகிறது. எம்பரர் பெங்குவினின் ஆண், இரண்டு மாதங்களுக்கும் மேலாக முட்டையைப் பாதங்களின் மேல் தாங்கி, உணவின்றி, நூற்றுக்கணக்கான ஆண்களோடு நெருங்கி நின்று துருவக் குளிர்காலத்தைக் கடக்கிறது. ஆர்க்டிக் தரை அணிலின் உடல் வெப்பநிலை குளிர்கால உறக்கத்தில் மைனஸ் 2.9 டிகிரி வரை இறங்குவதையும், ஆயினும் அதன் இரத்தம் உறையாதிருப்பதையும் பிரையன் பார்ன்ஸ் 1989-இல் காட்டினார். இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை அது தன் பழுப்புக் கொழுப்பை எரித்து உடலை முழுமையாகச் சூடாக்கிக்கொண்டு, மீண்டும் உறக்கத்துக்குத் திரும்புகிறது. சேமித்த ஆற்றலில் பெரும்பகுதியை இந்த விழிப்புகளே விழுங்கிவிட்டாலும், அவை இல்லாமல் அதனால் இருக்க முடிவதில்லை.

பழுப்புக் கொழுப்பு நம்மிடமும் உண்டு. 15, 16 டிகிரி வெப்பநிலையுள்ள அறையில் நாளுக்கு ஆறு மணி நேரம் வீதம் பத்து நாட்கள் இருந்தவர்களுக்கு, அதன் செயல்பாடு கூடி நடுக்கம் குறைந்ததை 2013-இல் நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. நீயும் குளிருக்கு மெல்ல மெல்லப் பழகிக்கொள்ளலாம். அதற்காகத் தலையை மூடாமல் வெளியே போகாதே.

இனி, நீ கேட்காத ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். குளிர்நாட்டுச் செடிக்குக் குளிர் வெறும் தொல்லை அன்று. அது ஒரு தேவையும் கூட. இலையுதிர்காலத்தில் விதைக்கப்படும் கோதுமை, பல வாரக் குளிரை உணராமல் உரிய காலத்தில் பூக்காது. ஆப்பிளின் பல வகைகளுக்கு, உறைநிலைக்குச் சற்று மேலான குளிர் 800 முதல் 1000 மணி நேரமாவது கிடைத்தால்தான் மொட்டுகளின் உறக்கம் கலையும். அந்தக் கணக்கு நிறையும் வரை, நடுவில் எவ்வளவு இதமான வெயில் அடித்தாலும் மொட்டு ஏமாறுவதில்லை. நிறைந்த பிறகு அது வெப்பத்துக்காக மட்டுமே காத்திருக்கிறது. உண்மையான ஆபத்தும் அப்போதுதான் தொடங்குகிறது. குளிரைத் தாங்கும் திறனைச் சேர்க்கப் பல வாரங்கள் ஆகின்றன, ஆனால் வெதுவெதுப்பான சில நாட்களிலேயே அது கரைந்துபோகிறது. செல்களுக்குள் நீர் திரும்பிவிடுகிறது. சர்க்கரை வளர்ச்சிக்குச் செலவாகிறது. 2007-இல் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் மார்ச் மாதம் வழக்கத்துக்கு மாறாக வெப்பமாக இருந்ததால் மரங்கள் முந்தித் துளிர்த்தன. ஏப்ரல் தொடக்கத்தில் வந்த உறைபனி அந்தத் துளிர்களையும் பூக்களையும் பெருமளவில் கருக்கிவிட்டது. நடுக்குளிர்காலத்தில் அதைவிடக் கடுமையான குளிரை எளிதாகத் தாங்கிய அதே மரங்கள்தாம் அவை. பூமி வெப்பமாகிக்கொண்டே போகும்போது உறைபனி இழப்பு குறைந்துவிடும் என்று நம்புகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. முந்தி வரும் வெப்பம் செடிகளை ஆயத்தம் இல்லாத நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால், பின்னால் வரும் ஒரு சாதாரணப் பனியிரவே போதும்.

இதை நீயே பார்த்துத் தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. குளிர்காலத்தின் தொடக்கத்தில் ஃபோர்சித்தியா அல்லது பிர்ச்சின் சிறு கிளை ஒன்றை, உரியவர்களிடம் கேட்டுவிட்டு வெட்டி, அறைக்குள் தண்ணீரில் வை. குளிர்காலத்தின் பிற்பகுதியில் அதே செடியிலிருந்து இன்னொரு கிளையை வெட்டி அதேபோல் வை. தண்ணீரைச் சில நாட்களுக்கு ஒருமுறை மாற்று, தேதிகளைக் குறித்துக்கொள். இரண்டாவது கிளை சில வாரங்களில் விரியும் என்று எதிர்பார்க்கிறேன். முதற்கிளையின் மொட்டுகள் மூடியபடியே இருக்கவோ, மிகவும் தாமதமாக விரியவோ கூடும். எது எப்போது விரிந்தது என்பதை மறக்காமல் எனக்கு எழுது.

என்றும் அன்புடன்,
அம்மா