தங்கச்சிக்கு: சாமி மேல் கோபம் வருகிற நாளில் என்ன செய்வது?

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் வீட்டுக்காரர் இறந்தபின் நீ என்னிடம் கேட்டது இரண்டு கேள்வி. "இந்தத் துக்கம் எப்பக்கா குறையும்?" என்பது ஒன்று. "சாமி முன்னால நின்னா கும்பிடத் தோணல, கோபம்தான் வருது, இது பாவமா?" என்பது இன்னொன்று. பதிலைப் பொதுவில் எழுதுகிறேன். போச்சம்பள்ளி, ஊத்தங்கரைப் பக்கம் வேறு வீடுகளிலும் இதே கேள்வி இருக்கும்.

இரண்டாவதற்கு முதலில் சொல்கிறேன். பாவமே இல்லை. நம் பக்கத்து மண்ணில் இது மிகப் பழைய கோபம். தகடூரை (இன்றைய தருமபுரி) ஆண்ட அதியமான் இறந்து நடுகல்லாக நின்றபோது, அந்தக் கல்லுக்கு மயில்பீலி சூட்டிச் சின்னக் கலத்தில் கள்ளை வார்த்தார்கள். மலையோடு சேர்த்து நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதையா வாங்கிக்கொள்வான் என்று ஔவையார் புறநானூற்றுப் பாட்டில் கேட்டார். காலையும் மாலையும் இல்லாமலே போகட்டும் என்றும் அதே பாட்டில் சொன்னார். படையல் ஒரு பக்கம் நடந்தது, சந்தேகம் ஒரு பக்கம் இருந்தது. பார்வை போன சுந்தரர் திருவாரூரில் சிவனோடு சண்டை போட்டே பாடினார். அந்தப் பதிகத்தைத் தேவாரத்திலிருந்து யாரும் எடுத்துவிடவில்லை.

அதனால் பக்தி வரட்டும், அப்புறம் விளக்கேற்றலாம் என்று இருக்காதே. கை முன்னால் போகட்டும், மனசு வருகிறபோது வரட்டும்.

காரியம் முடிகிற வரை விளக்கு வைக்காத குடும்பங்கள் உண்டு, உன் மாமியார் வீட்டு வழக்கத்தைக் கேட்டுக்கொள். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் ஒரே நேரத்தில், ஒரு சின்ன அகல், ஒரு பஞ்சுத் திரி, இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய். திரியை எண்ணெயில் நன்றாக ஊறவைத்து நுனியை மட்டும் வெளியே இழுத்துவிடு. ஊறாத திரி கருகிப் புகைந்து அணையும். துக்க வீட்டில் அது உடனே சகுனமாகிவிடும், ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பாய். திரி ஊறவில்லை, அவ்வளவுதான். மறுபடி ஏற்று.

ஏற்றிவிட்டு ஐந்து நிமிஷம் உட்கார். பாட்டு தெரிந்தால் ஒரு பாட்டு. இல்லையென்றால் அன்றைக்கு நடந்ததை அவரிடமோ சாமியிடமோ சொல்: கரண்ட் பில் கட்டியாச்சு, சின்னவனுக்குப் பல் விழுந்துச்சு, எனக்கு உன் மேல கோபம். இதுவும் வேண்டுதல்தான். முதல் வாரமே நாற்பத்தெட்டு நாள் விரதம், நூற்றெட்டுச் சுற்று என்று பெரிய கணக்கை எடுத்துக்கொள்ளாதே. பத்தாவது நாள் காய்ச்சல் வந்து விரதம் முறியும். துக்கத்தோடு குற்ற உணர்ச்சியும் சேரும். தேய்பிறை அஷ்டமிக்கு அதியமான்கோட்டை காலபைரவருக்குப் பூசணி விளக்குப் போடலாம் என்று யாராவது கூப்பிட்டால், மனசு இருந்தால் போய் வா, கூட்டத்துக்குத் தயாராகப் போ. ஆனால் "தோஷம் இருக்கு, பரிகாரம் பண்ணாட்டி பிள்ளைங்களுக்கு ஆகாது" என்று பயமுறுத்தி ஆயிரக்கணக்கில் கேட்கிறவர்களை வாசலோடு அனுப்பிவிடு. பயத்தை விற்கிறவரிடம் நம்பிக்கை கிடைக்காது. பூ, பொட்டு, நல்ல காரியத்தில் முன்னால் நிற்பது என்று ஊர் போடுகிற தடைகளும் அப்படித்தான். எதை ஏற்பது, எதை விடுவது என்பதை நீ முடிவு பண்ணு.

இனி முதல் கேள்வி. துக்கம் ஐந்து படிகளில் வரும் என்று கேள்விப்பட்டிருப்பாய். எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969-ல் அந்தப் படிகளைச் சொன்னது சாவை எதிர்நோக்கிய நோயாளிகளைப் பார்த்து. பின்னால்தான் அதைப் பிரிவுத் துயரத்துக்கும் நீட்டினார்கள். எல்லாரும் அந்த வரிசையிலேயே ஏறுவதில்லை. ஸ்ட்ரோப், ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-ல் சொன்னதுதான் வீடுகளில் பார்க்கிறதோடு பொருந்துகிறது: மனசு இழப்புக்கும் அன்றாட வேலைக்கும் நடுவே போய்ப் போய் வரும். காலையில் அழுகை, மத்தியானம் ரேஷன் கடை, சாயங்காலம் பிள்ளை சொன்னதற்கு ஒரு சிரிப்பு. சிரித்ததற்காக உன்னையே திட்டிக்கொள்ளாதே, அழாத நேரம் மறந்துபோன நேரம் ஆகிவிடாது.

சில மாதம் கழித்து ஒரு நாள் திடீரென்று முதல் வாரத்தைவிட மோசமாக இருக்கும். காரணம் உண்டு. ஆரம்பத்தில் வீடு நிறைய ஆள் இருக்கும், உடம்பும் மரத்துப்போயிருக்கும். சொந்தக்காரர்கள் போனபின்தான் வெறும் நாற்காலி கண்ணில் படும். முதல் பொங்கல், கல்யாண நாள், அவர் போன தேதி, இவற்றுக்கு முந்தின வாரமே பாரம் ஏறும். காலண்டரில் குறித்து வை; அந்த நாட்களில் தனியாக இருக்காதே.

காத்திருப்பதில் பாதி தாலுகா ஆபீஸ் காத்திருப்பு. இறப்பை 21 நாளுக்குள் பதியவேண்டும், அதை உன் கொழுந்தனார் செய்துவிட்டார், நல்லது. அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டால் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) விசாரித்துத் தாசில்தாருக்குப் போகும். இது பெரும்பாலும் சிக்குவது பெயரில். ஆதாரில் ஒரு எழுத்து, ரேஷன் கார்டில் ஒரு எழுத்து, இறப்புச் சான்றிதழில் இனிஷியல் வேறு. விண்ணப்பிக்கும் முன்னாலேயே மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார். இன்னொன்று, உன் மாமியாரை விட்டுவிடாதே. 1956-ம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் இல்லாமல் இறந்தவருடைய சொத்தில் மனைவி, பிள்ளைகளோடு தாயும் முதல் வகுப்பு வாரிசு. அவர் பெயர் விடுபட்டால் விண்ணப்பமும் திரும்பும், வீட்டுக்குள் பேச்சும் நின்றுபோகும்.

ஒரு நோட்டுப் போடு. தேதி, யாரைப் பார்த்தாய், என்ன கேட்டார்கள், ஒப்புகைச் சீட்டு எண். வாரத்தில் ஒரே ஒரு நாள் இந்த வேலைக்கு; ரொம்ப இழுத்தால் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடு. மற்ற ஆறு நாள் அந்த நோட்டைத் திறக்காதே, போனில் "என்ன ஆச்சு" என்று கேட்பவருக்கும் அந்த ஒரு நாளைச் சொல். பொறுமைக்கு நான் அறிந்த உருப்படியான வழி இதுதான்: காத்திருப்புக்கு ஒரு நாளைக் கொடுத்து, மிச்ச நாட்களை அதனிடமிருந்து காப்பாற்றுவது.

தோப்பு விஷயம். தை, மாசியில் மா பூத்ததும் குத்தகை பேச வருவார்கள். ஆம்பளை இல்லாத வீடு என்று தெரிந்தால் சீக்கிரமே வருவார்கள், பாவப்பட்ட குரலில் பேசுவார்கள். ஒரு பருவத்துக்கு மட்டும் எழுத்தில் கொடு. பல வருஷக் குத்தகை வேண்டாம். வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து, அசல் பத்திரத்தைக் கொடுத்து வைப்பது இரண்டும் கூடவே கூடாது. நிலத்தை விற்பது, வீட்டை மாற்றுவது போன்ற முடிவுகளை முடிந்தால் ஒரு வருஷம் தள்ளிப்போடு. தூங்காத தலையில் கணக்கு சரியாக வராது.

சின்னவன் "அப்பா எப்ப வருவாரு?" என்று கேட்டால், ஊருக்குப் போயிருக்கிறார், தூங்குகிறார் என்று சொல்லாதே. ஒன்றில் அவன் வாசலைப் பார்த்துக் காத்திருப்பான், இன்னொன்றில் படுக்கவே பயப்படுவான். "அப்பா செத்துட்டாரு, அவர் உடம்பு இனிமே வேலை செய்யாது, திரும்ப வரமாட்டாரு, நான் உன்கூட இருக்கேன்" என்று சொல். சின்னப் பிள்ளைகளுக்குச் சாவு நிரந்தரம் என்பது சீக்கிரம் பிடிபடாது, அதனால் திரும்பத் திரும்பக் கேட்பான். அதே வார்த்தையில் பதில் சொல். அமாவாசையன்று காக்கைக்குச் சோறு வைக்கும்போது அவன் கையாலும் ஒரு உருண்டை வைக்கட்டும்.

நீ சாப்பிடு. களி இறங்காவிட்டால் கூழ். ஒரு டம்ளர் தண்ணீருக்கு இரண்டு பெரிய ஸ்பூன் ராகி மாவு, பச்சைத் தண்ணீரிலேயே கரைத்துவிட்டு அடுப்பில் வை. கொதிக்கிற தண்ணீரில் கொட்டினால் கட்டி தட்டும். பச்சை வாசம் போகக் கிண்டி இறக்கி, ஆறியதும் மோரும் உப்பும். நடுராத்திரி விழிப்பு வந்து இருபது நிமிஷம் போல் தூக்கம் திரும்பாவிட்டால், படுக்கையிலேயே புரளாமல் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்துவிட்டு வந்து படு.

இதைத் தட்டாமல் செய்: தோப்புக்கு வாங்கிய பூச்சி மருந்து டப்பாக்களை இன்றைக்கே பக்கத்து வீட்டில் பூட்டி வைக்கக் கொடுத்துவிடு. உன்னைச் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. கெட்ட எண்ணம் சில நிமிஷத்தில் வந்து போவது, அந்த நிமிஷத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இருக்கக்கூடாது. "நானும் போயிரலாம்" என்று தோன்றினால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் போடு, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. குளிக்கவோ சமைக்கவோ முடியாமல் வாரக்கணக்கில் போனாலும், ஒரு வருஷம் கடந்தும் ஏக்கம் அப்படியே நாளெல்லாம் ஆளை முடக்கிப் போட்டாலும், கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவைப் பார். சாமி மேல் நம்பிக்கை குறைந்ததால் வந்ததாக அதை நினைக்காதே.

ஆடி அமாவாசைக்கு ஒகேனக்கல் போகணும் என்றாய். அந்த மாதத்தில் கர்நாடக அணைகளிலிருந்து தண்ணீர் திறந்தால் குளிக்கவும் பரிசலுக்கும் தடை போட்டுவிடுவார்கள், முந்தின நாள் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்பு. தடை இருந்தால் உனக்குப் பக்கத்திலேயே தென்பெண்ணைக் கரையில் அனுமன்தீர்த்தம் இருக்கிறது. தீர்த்தமலைத் தலபுராணம் உனக்குத் தெரியும்: பூசைக்குக் கங்கைத் தண்ணீர் கொண்டுவர அனுமன் தாமதித்ததால் ராமன் பாறையில் அம்பு விட்டுத் தீர்த்தம் வரவழைத்தார், தாமதமாக வந்த அனுமன் மனம் நொந்து வீசிய தண்ணீர் விழுந்த இடம்தான் இந்த அனுமன்தீர்த்தம். இங்கே முதலில் குளித்துவிட்டுத் தீர்த்தமலை ஏறுவதுதான் வழக்கம். அங்கேயும் படித்துறையில் ஆழம் தெரியாமல் இறங்காதே, பிள்ளைகளைக் கரையிலேயே உட்கார வைத்து ஒரு செம்பில் மொண்டு ஊற்று. மலை ஏறுவதென்றால் வெயிலுக்கு முன்னால் ஏறு, மாமியாரால் முடியாது. மாற்றுத் துணியும் தண்ணீர் பாட்டிலும் மறக்காதே.

அன்புடன்,
அக்கா