உழுகிறவர் பெயர் பதிவேட்டில் இல்லை: மேலூர்ப் பகுதியிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் வேளாண்மை – உழவர் நலத்துறைச் செயலாளர் அவர்களுக்கும், மதுரை மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கும்,

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

பெரியாறு பிரதான கால்வாயில் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகம், அதாவது ஆண்டுக்கு இரண்டு சாகுபடி. அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் இருக்கும் எங்களுக்கு ஒருபோகம். வைகை அணையைத் திறந்தால்தான் எங்களுக்கு நாற்றங்கால். அந்த ஒரு போகத்துக்கு உழுது, நட்டு, அறுத்து, விற்று முடிப்பதற்குள் இன்றைக்கு ஒரு விவசாயி எத்தனை கணினித் திரைகளைக் கடக்க வேண்டியிருக்கிறது என்பதையும், அந்தத் திரைகளில் யாருடைய பெயர் வராமலே போகிறது என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இம்மடலை எழுதுகிறேன்.

ஒன்றிய அமைச்சரவை 2024 செப்டம்பர் 2-ஆம் நாள் 2,817 கோடி ரூபாய் மதிப்பில் டிஜிட்டல் வேளாண்மை இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன் அடித்தளமாகிய அக்ரிஸ்டாக்கை நம் மாநிலத்தில் வேளாண் அடுக்ககம் என்கிறோம். விவசாயி யார், நிலம் எங்கே இருக்கிறது, அதில் என்ன பயிர் நிற்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கு மூன்று பதிவேடுகள். மூன்றையும் இணைக்க ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு தனித்துவ அடையாள எண். இதற்காக 2025 தொடக்கத்திலிருந்து ஊர் ஊராக முகாம் போட்டீர்கள். வெயிலில் மடிக்கணினியோடு உட்கார்ந்து பதிவு செய்த அலுவலர்களின் உழைப்பில் எனக்குக் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் முதல் கேள்விக்கான விடையை அந்தப் பதிவேடு பட்டாவிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. பட்டா நிலம் யாருடையது என்பதைச் சொல்லும். வயலில் யார் நிற்கிறார் என்பதைச் சொல்லாது.

எங்கள் பக்கத்தில் இந்த இரண்டு பேரும் ஒருவராகவே இருப்பது குறைந்துகொண்டே வருகிறது. உடைமையாளர் சென்னையிலோ திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்க, ஊரில் இருப்பவர் குத்தகைக்கோ, விளைச்சலைப் பங்கிடும் வாரத்துக்கோ, கடனுக்கு ஈடான ஒத்திக்கோ பிடித்துப் பயிர் செய்கிறார். பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான், தாளில் எதுவும் கிடையாது. இன்னும் பல இடங்களில் பட்டா தாத்தா பெயரிலேயே நிற்கிறது, அல்லது பங்காளிகள் ஏழெட்டுப் பேர் சேர்ந்த கூட்டுப் பட்டாவாக இருக்கிறது. கோயில் நிலத்தை உழுகிறவர் நிலைமை தனி. அங்கே பட்டா சாமி பெயரில் இருக்கிறது, சாமிக்கு ஆதாரும் இல்லை, கைபேசி எண்ணும் இல்லை.

எழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்கலாம். சட்டம் இல்லாமல் இல்லை. குத்தகை உரிமைகளைப் பதிவு செய்ய 1969-லேயே தனிச் சட்டம் வந்தது. ஆனால் 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை நினைத்து, கையெழுத்துப் போட்டால் நிலம் கையை விட்டுப் போய்விடும் என்று உடைமையாளர் அஞ்சுகிறார். கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்று உழுகிறவரும் அஞ்சுகிறார். காகிதம் மட்டும் இருந்த காலத்தில் இந்த இடைவெளியை ஊரை அறிந்த கிராம நிர்வாக அலுவலர் ஓரளவு நிரப்பினார். "இந்த வயலை இவர்தான் செய்கிறார்" என்று அவர் எழுதிக் கொடுத்தால் வேலை நடந்தது. கணினி அந்தச் சலுகையைக் காட்டாது. பெயர் பொருந்தினால் பச்சை, பொருந்தாவிட்டால் சிவப்பு.

இதன் விளைவு எங்கெல்லாம் போய் விழுகிறது என்று பாருங்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 2025–26 பருவத்துக்குக் குவிண்டால் சாதாரண ரகத்துக்கு 2,500 ரூபாயும் சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாயும் அரசு அறிவித்தது. வியாபாரிகள் வெளியூர் நெல்லை விவசாயி பெயரில் கொண்டுவந்து தள்ளுவதைத் தடுக்கத்தான் இணையவழிப் பதிவு வந்தது. அந்த நோக்கத்தை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். ஆனால் களத்தில் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிக் காவல் இருக்கும் குத்தகைதாரர், பதிவுக்காக உடைமையாளரின் நில விவரம் காட்டும் சிட்டாவையும் சம்மதத்தையும் தேடி அலைகிறார். அதற்குள் மழை மேகம் திரண்டுவிட்டால், வீட்டு வாசலுக்கே தராசு கொண்டுவரும் வியாபாரி சொன்ன விலைக்குத்தான் அந்த நெல் போகும். வியாபாரியைத் தடுக்கக் கட்டிய வேலி, உழுகிறவரை அவரிடமே ஓட்டிவிடுகிறது.

பயிர்க் காப்பீடும் அப்படியே. சம்பா பருவ நெல்லுக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடு மட்டுமே. குத்தகைதாரரும் வாரதாரரும் சேரலாம் என்று திட்ட விதியே சொல்கிறது. இனி எல்லாமே அடையாள எண்ணை வைத்துத்தான் என்று ஆகும்போது, அந்த எண் உடைமையாளரிடம் இருக்க, விதை, உரம், கூலி எல்லாம் போட்டு நட்டப்பட்டவருக்கு இழப்பீடு எந்த வழியாக வரும்? ஒன்றிய அரசின் பி.எம். கிசான் உதவித்தொகை ஆண்டுக்கு 6,000 ரூபாய் நிலம் உள்ளவருக்கு மட்டும் என்பது 2019-இலிருந்து உள்ள விதி. அதை மாற்றுவது தங்கள் கையில் இல்லை என்பதை அறிவேன். காப்பீட்டையும் கொள்முதலையும் கூட்டுறவுக் கடனையும் அதே அச்சில் வார்க்காமல் இருப்பது தங்கள் கையில் இருக்கிறது.

கடன் என்றதும் மல்லிகையைச் சொல்லாமல் போக முடியாது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியில் கைபேசி செய்திருக்கும் மாற்றம் உண்மையானது. முன்பெல்லாம் விடியுமுன் மொட்டாகப் பறித்துச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, என்ன விலைக்குப் போனது என்று சிட்டை வரும்வரை காத்திருப்பார்கள். இப்போது மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் முதல் மூட்டை அவிழ்ந்த சில நிமிடங்களில் அன்றைய விலை வாட்ஸப்பில் உசிலம்பட்டிக்கும் திருமங்கலத்துக்கும் வந்துவிடுகிறது. முகூர்த்த நாளில் அது மணிக்கு மணி ஏறுவதையும் தோட்டத்திலிருந்தே பார்க்கிறார்கள். பார்த்து என்ன செய்வது? உரத்துக்கும் பறிகூலிக்கும் யாரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார்களோ, அந்தக் கமிஷன் கடைக்குத்தான் பூ போயாக வேண்டும். பக்கத்துக் கடையில் கூடுதல் விலை என்று திரை காட்டும், கை கட்டப்பட்டிருக்கும். கூட்டுறவுச் சங்கத்தில் தவணை தவறாமல் கட்டினால் வட்டியில்லாப் பயிர்க்கடன் கிடைக்கிறதே என்றால், அதற்குச் சிட்டாவும், பயிர் விவரம் காட்டும் அடங்கலும் வேண்டும், அவை குத்தகைதாரர் பெயரில் இல்லை. செயலிகளால் விவசாயிக்குச் சந்தை திறந்துவிட்டது என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த முன்பணக் கணக்கை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசினால் நன்றாக இருக்கும்.

இதற்கு வழியே இல்லை என்பதல்ல. ஆந்திரப் பிரதேசம் 2019-இல் பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் கொண்டுவந்து, நிலத்தின் மீது எந்த உரிமையும் கோராத, 11 மாதங்களுக்கு மட்டும் செல்லுபடியாகும் ஓர் அட்டையை வழங்கியது. அங்கும் உடைமையாளரின் ஒப்புதல் வேண்டும் என்பதே தடையாக நின்றது. அந்தக் குறையை நீக்கி நாம் செய்யலாம். நமக்கு முன்மாதிரி வெளியூரில்தான் என்றும் இல்லை. 1999 நவம்பர் 14-ஆம் நாள் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது இதே மதுரை அண்ணா நகரில்தான். வியாபாரி உள்ளே நுழையாமல் இருக்க, தோட்டத்தை நேரில் பார்த்து விவசாயிக்குப் படம் ஒட்டிய அட்டை கொடுத்தார்கள். வயலைப் பார்த்துத்தான் ஆளை உறுதி செய்ய முடியும் என்பது அன்றே தெரிந்திருந்தது.

ஆகவே நான் கேட்பது இது. வேளாண் அடுக்ககத்தில் உடைமையாளருக்கு ஓர் இடம் இருப்பதுபோல, ஒவ்வொரு சர்வே உட்பிரிவுக்கும் "இந்தப் பருவச் சாகுபடியாளர்" என்று இன்னோர் இடம் வேண்டும். மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்புக்கு வருகிறவர் எப்படியும் வயலில் நின்றுதான் படம் எடுக்கிறார். பயிரின் பெயரோடு பயிரிடுகிறவரின் பெயரையும் அப்போதே கேட்டு எழுதட்டும். அக்கம்பக்கத்து வயல்காரர் இருவர் சாட்சி சொன்னால் போதும் என்று வையுங்கள். அது ஒரு போகத்துக்கு மட்டுமே செல்லும், குத்தகை உரிமைக்கான ஆதாரம் ஆகாது என்று ஆணையிலேயே எழுதிவிட்டால் உடைமையாளரின் அச்சமும் தணியும். கணவர் பெயரில் பட்டா இருக்க, தானே முழுப் பண்ணையமும் பார்க்கும் பெண்களுக்கும் இதே வழியில் ஒரு பெயர் கிடைக்கும். பேரையூர், சேடப்பட்டிப் பக்கத்து மானாவாரிக் கரிசலில் சோளத்துக்குள் தட்டைப்பயறும் வரப்போரம் துவரையும் நிற்கும்; அந்தக் கணக்கெடுப்பு அவற்றையும் ஒன்று விடாமல் ஏற்க வேண்டும். ஒரு பயிரை மட்டும் எழுதினால் மற்றவை அழிந்தபோது கேட்க நாதி இல்லை.

காப்பீட்டில் இன்னொன்று. 2023 முதல் நெல்லுக்கும் கோதுமைக்கும் இழப்பீட்டை முடிவு செய்யும் மகசூல் மதிப்பீட்டில் செயற்கைக்கோள் முதலிய தொழில்நுட்பக் கணக்குக்குக் குறைந்தது 30 விழுக்காடு எடை தரும் முறை தேசிய அளவில் வந்திருக்கிறது. அறுவடைப் பரிசோதனை என்றால் ஊர்க்காரர் கூட நின்று பார்க்கலாம். அறுத்த நெல்லை எடை போடுவது கண்ணுக்குத் தெரியும். வானத்திலிருந்து எடுத்த கணக்கை யார் சரிபார்ப்பது? எங்கள் வருவாய்க் கிராமத்துக்கு எந்த முறையில், என்ன மகசூல் எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதைத் தமிழில் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள்; ஆட்சேபம் சொல்ல ஒரு தேதி கொடுங்கள். அதேபோல, அடையாள எண்ணோடு சேர்ந்த எங்கள் விவரங்களை எந்த வங்கி, எந்த நிறுவனம் பார்த்தது என்று நாங்கள் கேட்டால் பதில் கிடைக்க வேண்டும். முகாமில் "ஓகே அமுக்குங்கம்மா" என்று சொல்லி வாங்குவது சம்மதம் ஆகாது.

கடைசியாக, சின்னதாகத் தெரியும் ஒரு தொல்லை. 2018 முதல் மானிய உரத்தை ஆதார் ரேகை வைத்து வாங்குகிறோம். நாற்றுப் பறித்தும் அரிவாள் பிடித்தும் தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்பதில்லை. அறுபதைத் தாண்டிய ஓர் அக்கா கட்டைவிரலைச் சேலையில் துடைத்து, தலைமுடியில் தேய்த்து, மறுபடி மறுபடி வைப்பதையும், பின்னால் வரிசை முணுமுணுப்பதையும் எந்த உரக்கடையிலும் பார்க்கலாம். ரேகை வேண்டாம், ஓ.டி.பி. போதும் என்றால் அந்த எண் திருப்பூரில் வேலையில் இருக்கும் மகனின் கைபேசிக்குப் போகிறது. அவன் ஷிப்டில் இருந்தால் எடுப்பதில்லை. ரேகை தவறினால் கடைக்காரரும் உதவி வேளாண்மை அலுவலரும் சேர்ந்து கையெழுத்திட்டு உரம் கொடுக்கும் ஒரு பதிவேடு ஒவ்வொரு கடையிலும் இருக்க ஆணையிடுங்கள்.

சாகுபடியாளர் பதிவை மேலூர், உசிலம்பட்டி ஆகிய இரு வட்டங்களில் மட்டுமாவது, கால்வாய்ப் பாசனத்துக்கு ஒன்றும் மானாவாரிக்கு ஒன்றுமாக, வரும் ஒருபோக நடவின்போதே சோதித்துப் பாருங்கள். சம்பா காப்பீட்டுக்கான கடைசி நாளுக்கு முன் அந்தப் பெயர்கள் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். இது குறித்த தங்கள் பதிலை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எழுத்து வடிவில் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
மேலூர் வட்டத்து நெல் விவசாயி ஒருவர்