பட்டியலை மறுபடி போடாதீர்கள்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் ஆய்வுப் பிரிவினருக்கும் டாக்டரல் கமிட்டி உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

தரமான ஆய்விதழ்கள் என்று ஏற்றவற்றின் பெயர்களைத் தொகுத்த யூஜிசி-கேர் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2025 பிப்ரவரியில் கைவிட்டது. எந்த ஆய்விதழ் தேறும், எது தேறாது என்பதை இனி அந்தந்தக் கல்வி நிறுவனமே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லி, சில அளவுகோல்களையும் பரிந்துரையாகத் தந்தது. இந்த இடத்தில் சுலபமாகத் தோன்றக்கூடிய வழிகள் இரண்டு. பழைய கேர் பட்டியலின் கடைசிப் பிரதியை எடுத்து வைத்துக்கொள்வது ஒன்று. "ஸ்கோபஸில் இருந்தால் போதும்" என்று சுற்றறிக்கை விடுவது இன்னொன்று (ஸ்கோபஸ் என்பது ஆய்விதழ்களின் பன்னாட்டு அட்டவணை). இரண்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல்.

தரத்தைச் சொல்லும் வேலை உங்களிடம் வருவது முதல் தடவை அல்ல. மானியக் குழு 2017இல் வெளியிட்ட பட்டியலில் ஒரு பகுதி, பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்து அனுப்பிய பெயர்களால் ஆனது. பூஷண் பட்வர்தன் குழுவினர் அந்தப் பகுதியிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் இதழ்களை ஆராய்ந்து, 88 விழுக்காட்டுக்கு மேல் தரம் குறைந்தவையாக இருக்கலாம் என்று 2018இல் கரன்ட் சயின்ஸ் ஆய்விதழில் எழுதினார்கள். அதே ஆண்டு மே மாதம் 4,305 இதழ்கள் பட்டியலிலிருந்து தூக்கப்பட்டன.

பட்டியல் ஏன் ஏமாறுகிறது? அதில் இருப்பது ஒரு பெயரும், இதழை அடையாளம் காட்டும் எட்டு இலக்க ஐஎஸ்எஸ்என் எண்ணும்தான். இரண்டையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். அச்சில் மட்டும் வரும் பழைய இதழ் ஒன்றுக்கு இணையதளம் இருக்காது. அதே பெயர், அதே எண்ணோடு ஒருவர் தளம் திறப்பார். மாணவர் பட்டியலில் பெயரைப் பார்த்து, கூகுளில் தேடி, முதலில் வரும் தளத்துக்குப் பணம் கட்டுவார். இரண்டு நாளில் ஏற்புக் கடிதம் வந்துவிடும். ஐஎஸ்எஸ்என் சரியா என்று உங்கள் அலுவலகம் பார்க்கும். சரியாகத்தான் இருக்கும், திருடியது உண்மையான எண்ணை அல்லவா! உண்மை இதழ் எது, நகல் எது என்று கேர் தளமே தனியாக எச்சரிக்க வேண்டி வந்தது இதனால்தான்.

ஓர் இதழைச் சோதிக்க அரை மணி நேரம் போதும். ஐஎஸ்எஸ்என் போர்ட்டலில் எண்ணை இட்டால் இதழின் பெயர், நாடு, அச்சா இணையமா என்ற விவரம் இலவசமாகக் கிடைக்கும். அச்சு இதழுக்குத் தந்த எண்ணை ஒரு தளம் தன் பிடிஎஃப்களில் போட்டிருந்தால் அங்கேயே நிறுத்திக் கேள்வி கேளுங்கள். அடுத்து, தளத்தின் முகவரி எப்போது பதிவானது என்று ஹூஇஸ் தேடலில் பாருங்கள். தொகுதி எண் 45 என்று போட்டிருக்கும், முகவரி போன வருடம் வாங்கியதாக இருக்கும். பழைய தொகுதிகளைக் கேட்டால் "விரைவில்" என்று வரும். ஆசிரியர் குழுவில் இருவரைத் தேர்ந்தெடுத்து எழுதுங்கள். இதழின் தளத்தில் உள்ள மின்னஞ்சலுக்கு எழுதாமல், அவர்களுடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் உள்ள முகவரிக்கு எழுதுங்கள். தன் பெயர் அங்கே இருப்பதே தெரியாது என்று பதில் வந்தால் வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை.

கடைசி இதழில் ஐந்து கட்டுரைகளைத் திறந்து, பெறப்பட்ட தேதி, ஏற்கப்பட்ட தேதி இரண்டையும் பாருங்கள். நடுவே மூன்று நாள்தான் என்றால் மதிப்பீட்டாளர் எவரும் படித்திருக்க வாய்ப்பில்லை. வரலாற்று இதழில் கான்கிரீட்டின் வலிமை பற்றிய கட்டுரை இருக்கிறதா? மொழிநடையையும் கவனியுங்கள். ஆங்கிலக் கட்டுரையில் செயற்கை நுண்ணறிவு 'கவுன்டர்ஃபிட் கான்ஷியஸ்னெஸ்' என்றும், மார்பகப் புற்றுநோய் 'பூசம் பெரில்' (bosom peril) என்றும் வந்தால், அடுத்தவர் எழுத்தை மென்பொருளில் போட்டுச் சொற்களை மாற்றியிருக்கிறார்கள். 10 விழுக்காடு வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை என்ற, மானியக் குழுவின் 2018 கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிக்குள் நுழைய இது ஒரு குறுக்குவழி.

டிஓஐ இருக்கிறதே என்பார்கள். டிஓஐ என்பது இணையத்தில் ஒரு கட்டுரையைக் கண்டுபிடிக்கத் தரும் எண்; அது ஒரு முகவரி, தரச்சான்று அல்ல. 10.5281 என்று தொடங்கினால் அது ஸெனோடோ களஞ்சியத்தின் எண்; அங்கே யாரும் எதையும் ஏற்றி எண் வாங்கலாம். இதழின் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதை அளக்கும் இம்பேக்ட் ஃபேக்டர் என்ற பெயரில் காசுக்கு எண் தரும் கடைகளும் ஏராளம். அந்த எண்ணை முறையாக வெளியிடும் கிளாரிவேட் நிறுவனத்தின் ஜர்னல் சைட்டேஷன் ரிப்போர்ட்ஸில் இல்லாத எண்ணை எண்ணாகவே கொள்ள வேண்டாம்.

ஸ்கோபஸ் மட்டும் போதுமா? ஹிந்தாவி பதிப்பகத்தின் இதழ்கள் பலவும் அதில் இருந்தவைதான். வைலி நிறுவனம் 2021இல் 29.8 கோடி டாலர் கொடுத்து ஹிந்தாவியை வாங்கியது. 2023இல் மட்டும் அதன் இதழ்களிலிருந்து 8,000க்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. ஓட்டை விழுந்த இடம், விருந்தினர் ஆசிரியர்கள் நடத்திய சிறப்பிதழ்கள். நம் கல்லூரிகளின் 'பன்னாட்டுக் கருத்தரங்க' சிறப்பிதழ்களை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் கட்டிய எல்லோருடைய கட்டுரையும் உள்ளே வந்துவிட்டால் அதற்குப் பெயர் மதிப்பீடு அல்ல. இன்னொரு சிக்கலும் உண்டு. கட்டுரை அனுப்பும்போது ஸ்கோபஸில் இருக்கும் இதழ், வெளிவரும்போது நீக்கப்பட்டிருக்கலாம். ஸ்கோபஸின் இதழ் விவரப் பக்கத்தில் ஓர் இதழை எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள் என்பது இலவசமாகவே தெரியும். அந்த ஒரு வரியைப் பார்க்காமல் மாணவர்கள் பணத்தை இழக்கிறார்கள்.

தமிழ்த் துறைக்கு ஸ்கோபஸ் விதி அநியாயம். நா. வானமாமலை நடத்திய 'ஆராய்ச்சி' இன்று வந்துகொண்டிருந்தாலும், ஆங்கிலம் சார்ந்த அட்டவணையில் இல்லை என்று அதில் எழுதியவருக்கு உங்கள் குழு பூஜ்யம்தான் போடும். பதிப்பும் கல்வெட்டும் நாட்டார் வழக்காறும் ஆய்வோர் தமிழில் எழுதுவதே முறை. அவர்களுடைய இதழ்களைத் துறையில் மூன்று பேர் உட்கார்ந்து படித்துச் சொல்ல வேண்டும். வேறு வழி இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

கூட்டல் கணக்கையும் ஒருமுறை பாருங்கள். ஆசிரியர் நியமனம், பதவி உயர்வு பற்றிய மானியக் குழுவின் 2018 விதிப்படி மொழி, கலைப் புலங்களில் ஒரு கட்டுரைக்கு 10 புள்ளி, அறிவியலில் 8. இரண்டு பேர் சேர்ந்து எழுதினால் ஆளுக்கு 70 விழுக்காடு. அதாவது தனியாக எழுதினால் 10, ஒரு பெயரைச் சேர்த்தால் இருவருக்கும் சேர்த்து 14. நெறியாளர் பெயர் எப்படி உள்ளே வருகிறது என்று வியக்க வேண்டாம். முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்பதை மானியக் குழு 2022 விதிகளிலேயே எடுத்துவிட்டது. கட்டாயத்தை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும் பல்கலைக்கழகங்கள், அதனால் எந்த ஆய்வேடு உயர்ந்தது என்று காட்டட்டும்.

எங்கள் கோரிக்கை இது. கட்டுரையை இதழுக்கு அனுப்பும் முன்பே மாணவர் ஓர் அரைப் பக்கப் படிவம் தரட்டும்: இதழின் பெயர், ஐஎஸ்எஸ்என், தள முகவரி, கட்டணம், மேலே சொன்ன சோதனைகளின் முடிவு. நெறியாளரும் துறை நூலகரும் பார்த்து, பதினைந்து நாளில் 'சரி' அல்லது 'வேண்டாம்' என்று தேதியோடு கையெழுத்திடட்டும். 'சரி' என்ற இதழ் பிறகு அட்டவணையிலிருந்து விழுந்தாலும் மாணவருக்கு அந்த முடிவே செல்லுபடியாக வேண்டும். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் 'சரி' என்றே கொள்ளப்படும் என்பதையும் விதியில் சேருங்கள். இல்லாவிட்டால் படிவம் மேசையிலேயே கிடக்கும்.

இப்படிக்கு,
ஆய்வு நூலகப் பணியில் இருக்கும் சிலர்