குழி வெட்டுமுன் ஒரு வார்த்தை சொல்லுங்கள்

எங்கள் பகுதியில் ரோட்டைத் தோண்டும் துறை அதிகாரிகளுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும்,

வணக்கமுங்க. பல்லடம் பக்கம் சொந்தமாக நூல் வாங்கித் தறி ஓட்டுகிறவன் எழுதுகிறேன். போன செவ்வாய்க்கிழமை குழாய் பதிக்க வந்த ஜேசிபி, எங்கள் ஊர் முக்கில் நெட் வருகிற ஃபைபர் கேபிளை இழுத்து அறுத்துப்போட்டது உங்களுக்குத் தெரிந்ததுதான். இந்த வருடத்தில் இது நாலாவது தடவை.

அன்றைக்குக் காடாத்துணி ஏற்றிய லாரி அகமதாபாத் போக வாசலில் நின்றது. 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு மாநிலம் தாண்டினால் இ-வே பில், அதாவது சரக்கோடு போக நெட்டில் எடுக்கிற ஜிஎஸ்டி சீட்டு வேண்டும். பில் போட நெட் இல்லை. செல்போனை எடுத்தால் அதிலும் நெட் வரவில்லை. பக்கத்து டவருக்கும் அதே கேபிள்தான் போகிறதாம். பைக்கில் பல்லடம் போய்ப் பில் போட்டுத் திரும்புவதற்குள் இருட்டிவிட்டது. அதுவரை டிரைவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் கேபிளை ஒட்ட வந்த தம்பியின் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். எங்கள் பாவில் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டுவிடுவோம். இது கண்ணாடி, முடிச்சுக்கு வராது. மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு கனம். நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று நிறம் பார்த்துப் பிரித்து, ஸ்பிரிட்டில் துடைத்து, முனையை நறுக்கி, மெஷினில் உருக்கி ஒட்டினார். 24 இழைகள். சேற்றுக் குழிக்குள் மடியில் மெஷினை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக. இரண்டு நிமிடத்தில் அறுத்ததற்கு அவர் மத்தியானம் வரை குனிந்தே இருந்தார்.

தோண்டுமுன் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறோம். அதற்கென்றே மத்திய அரசு 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யூ டிக்' ஆப்பைக் கொண்டுவந்தது. எங்கே தோண்டப்போகிறோம் என்று அதில் பதிந்தால் கேபிள்காரருக்குத் தகவல் போகும். ஜேசிபி ஓட்டுகிறவரிடம் கேட்டேன், கேள்விப்பட்டதே இல்லை என்றார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். காட்டின இடத்தில் வெட்டுவது அவர் வேலை, காட்டுகிறவர்கள் நீங்கள்.

தார் ரோடு போட்டு ஒரு மாதம் ஆகுமுன்னே அதையும் வெட்டினீர்கள். பள்ளத்தை மூடாமல் போனதில் பால் வண்டி கவிழ்ந்தது. கேட்டால் அடுத்த துறையைக் கைகாட்டுகிறீர்கள். எத்தனை வாசல்தான் நாங்கள் ஏறி இறங்குவது?

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் மன்னிக்க வேணும். குழாயும் எங்களுக்கு வேண்டியதுதான், வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. வருகிற வாரம் ஏரிக்கரை ரோட்டில் வெட்டப்போவதாகக் கேள்வி. கேபிள் அங்கேயும் போகிறது. தயவுசெய்து இரண்டு நாள் முன்னால் சொல்லிவிடுங்கள். கேபிள் போகிற தடத்தைக் காட்ட ஆள் வந்து நிற்கட்டும், அப்புறம் வெட்டுங்கள்.

இப்படிக்கு,
பல்லடம் வட்டாரத் தறிக்காரன்