துளை இழுப்பதில்லை, காற்று தள்ளுகிறது

ஆசிரியருக்கு,

வணக்கம். ‘தி எக்ஸ்பான்ஸ்’ என்ற விண்வெளி அறிவியல் புனைவுத் தொடரின் முதல் சீசன், நான்காவது எபிசோடு பற்றி உங்கள் நாளிதழில் வந்த விமர்சனத்தைப் படித்தேன். டானஜர் என்ற விண்வெளிப் போர்க்கப்பலின் அறையை ரயில்கன் (மின்காந்த விசையால் உலோகக் குண்டை மிக வேகமாக எறியும் பீரங்கி) குண்டு துளைத்துக்கொண்டு போகும் காட்சியை ‘நம்பும்படி இல்லை’ என்று விமர்சகர் ஒதுக்கிவிட்டார். சுவரில் ஓட்டை விழுந்த கணமே எல்லோரும் விண்வெளிக்கு உறிஞ்சப்பட்டிருக்க வேண்டும், கைக்குக் கிடைத்த தட்டையான பொருளை வைத்து அடைப்பதெல்லாம் சிறுபிள்ளைத்தனம் என்பது அவர் வாதம். 2015இல் வந்த அந்த எபிசோடில் கணக்குக்கு மிக நெருக்கமாக நிற்பதே அந்தக் காட்சிதான். அதனால் இந்தக் கடிதம்.

வெற்றிடம் எதையும் உறிஞ்சுவதில்லை. அதற்குக் கையுமில்லை, விசையுமில்லை. அறைக்குள் இருக்கும் காற்றுதான் வெளியே தள்ளுகிறது. கடல்மட்டத்துக் காற்றழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. 5 செ.மீ. விட்டமுள்ள ஓட்டையின் பரப்பு சுமார் 20 சதுர செ.மீ. ஆக, அதன் வாயில் ஒட்டிக்கொண்ட எதன் மீதும் 20 கிலோ எடைக்குச் சமமான தள்ளுவிசை மட்டுமே இருக்கும். உள்ளங்கையை வைத்தால் தோல் கன்றிப்போகும், ரத்தம் கட்டும். ஆள் அதன் வழியே போய்விடமாட்டார். கெட்டியான பிளாஸ்டிக் தகடு ஒன்றை வைத்தால் யாரும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதே இல்லை. அந்த 20 கிலோவே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

அறைக்குள் புயல் வீசாதா என்று கேட்கலாம். கடல்மட்ட அழுத்தத்தில் இருக்கும் காற்று வெற்றிடத்துக்குள் வெளியேறும்போது, ஒரு சதுர செ.மீ. துளை வழியே நொடிக்கு அதிகபட்சம் 20 லிட்டர் போகும். விளிம்பு கரடுமுரடாக இருந்தால் 15 லிட்டருக்கும் குறையலாம். குண்டு நுழைந்த ஓட்டை ஒன்று, வெளியேறிய ஓட்டை ஒன்று, இரண்டும் 5 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 600 லிட்டர். துளையின் வாயில் அந்தக் காற்று ஒலியின் வேகத்தைத் தொடும். ஆனால் 10 செ.மீ. தள்ளி நின்றால் நொடிக்கு 5 மீட்டர்தான், அதாவது ஒரு நல்ல மேசை மின்விசிறியின் காற்று. ஒரு மீட்டர் தள்ளிப் போனால் நொடிக்கு 5 செ.மீ.; மெல்லிய திரைச்சீலைகூட அசையுமா என்பது சந்தேகம். எல்லாப் பக்கத்திலிருந்தும் காற்று வந்து சேர்வதால் தூரம் இரட்டிக்கும்போது வேகம் கால்பங்காகிறது. திரைப்படங்கள் நமக்குக் கற்றுக்கொடுத்த புயலுக்கு இங்கே இடமே இல்லை.

1990இல் ஒரு பயணிகள் விமானத்தின் முன்கண்ணாடி கழன்று, விமானியின் பாதி உடல் வெளியே தள்ளப்பட்டதே என்று சிலர் நினைவுபடுத்துவார்கள். அவர் உயிர் பிழைத்தார். அது ஒரு ஆளின் தோள் நுழையும் அளவுக்குப் பெரிய திறப்பு. அதோடு வெளியே வீசிய காற்றின் இழுப்பும் சேர்ந்துகொண்டது. ஓட்டையின் அளவுதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 30 செ.மீ. ஓட்டையில் தள்ளுவிசை 700 கிலோவைத் தாண்டும். பிளாஸ்டிக் தகடு மடங்கிப் பறந்துவிடும். டானஜரில் விழுந்தது வெடிகுண்டு அல்ல, நேராக ஊடுருவிச் செல்லும் உலோகக் குண்டு. அந்த அறையில் இருந்த ஷெட் என்ற கதாபாத்திரத்தின் மரணம் அவ்வளவு திடீரென்று, சத்தமில்லாமல் நிகழ்வதும் அதனால்தான். அந்தக் கொடூரத்தை அலங்கரிக்காமல் காட்டியதற்காகவே அந்த இயக்குநரைப் பாராட்ட வேண்டும்.

அவர்களுக்கு எவ்வளவு நேரம் இருந்தது? அறை 50 கன மீட்டர், அதாவது 50,000 லிட்டர் என்று கொள்வோம். நொடிக்கு 600 லிட்டர் வீதம் போனால் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் அழுத்தம் பாதியாகும், ஒன்றரை நிமிடத்தில் எவரெஸ்ட் உச்சிக்குச் சமமாகும். அதுவரை மனிதர்கள் நினைவோடு வேலை செய்யலாம். விரல்கள் தடுமாறும், காது அடைக்கும், காற்று சட்டென்று குளிர்ந்து பனிமூட்டம் படரும். முழு வெற்றிடமானால்தான் கணக்கு நொடிகளுக்கு இறங்குகிறது. 1966இல் நாசாவின் வெற்றிட அறையில் ஜிம் லெப்ளாங்க் என்பவரின் விண்வெளி உடையில் காற்றுக் குழாய் கழன்றபோது சுமார் 14 நொடிகளில் நினைவிழந்தார். நாக்கின் மேல் உமிழ்நீர் கொதித்ததுதான் அவருக்குக் கடைசியாக நினைவிருந்தது. உடனே காற்று செலுத்தப்பட்டுப் பிழைத்தார். இத்தகைய நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வது பெரிய தவறு. உள்ளே விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும். வாயைத் திறந்து மூச்சை விட்டுவிட வேண்டும்.

அறை சின்னதாக இருந்தால் நேரமும் சுருங்கும். 1971 ஜூன் 30 அன்று பூமிக்குத் திரும்பிக்கொண்டிருந்த சோவியத் விண்கலம் சோயுஸ் 11இன் பகுதிகள் பிரியும்போது ஒரு வால்வு திறந்துகொண்டது. இறங்கும் பெட்டியின் கொள்ளளவு சில கன மீட்டர்தான். இரண்டு நிமிடத்துக்குள் காற்று போய்விட்டது. விண்வெளி உடை இல்லாமலிருந்த மூவரும் இறந்தார்கள்.

பலகை வைத்து அடைப்பதில் ஒரு நுட்பம் உண்டு. குண்டு நுழைந்த பக்கத்தில் உலோகம் பெரும்பாலும் உட்புறமாகப் பிதுங்கி நிற்கும். அதன்மேல் தட்டையான தகடு சமமாக உட்காராது, ஓரங்களில் காற்று சீறும். அடியில் துணியோ, நுரையோ, பசையோ வேண்டும். வெளியேறிய பக்கத்தில் பிசிறு வெளியே போயிருக்கும், அங்கே தகடு எளிதில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு ஓட்டையும் ஒரே அளவு என்றால் ஒட்ட எளிதானதை முதலில் மூடுவதே சரி. கசிவு உடனே பாதியாகிவிடும்.

இது கற்பனைக் கதையின் உத்தி என்று எண்ண வேண்டாம். 2018 ஆகஸ்டில் சர்வதேச விண்வெளி நிலையத்தோடு இணைந்திருந்த சோயுஸ் எம்.எஸ்.09 கலத்தில் சுமார் 2 மில்லிமீட்டர் துளை கண்டுபிடிக்கப்பட்டது. ஜெர்மன் விண்வெளி வீரர் அலெக்சாண்டர் கெர்ஸ்ட் முதலில் கட்டைவிரலை வைத்தே அடைத்தார். அந்தத் துளையில் தள்ளுவிசை 30 கிராம் அளவுதான்! பிறகு காப்டன் என்ற வெப்பம் தாங்கும் டேப்பை ஒட்டி, கடைசியில் எபாக்சி பசையில் நனைத்த மெல்லிய வலைத்துணியால் அடைத்தார்கள். பசையில் ஒரு குமிழி எழுந்தபோதும் அதைக் குத்தாமல் இறுக விட்டார்கள். அங்கே கசிவு ஏற்பட்டால் அறைக் கதவுகளை ஒவ்வொன்றாக மூடி அழுத்தமானியைப் பார்ப்பது வழக்கம். எந்தக் கதவை மூடியதும் முள் இறங்குவது நிற்கிறதோ, அதற்கு அப்பால்தான் ஓட்டை.

சிறு கசிவைக் கண்ணால் காண்பது கடினம். 2020இல் அதே நிலையத்தின் ரஷ்யப் பிரிவிலுள்ள ஸ்வெஸ்தா பகுதியில் கசிவைத் தேடிய ரஷ்ய வீரர்கள், ஒரு தேநீர்ப் பையைப் பிரித்துத் தேயிலைத் தூளை மிதக்கவிட்டுக் கதவை மூடிக் கேமராவில் பதிவுசெய்தார்கள். தூள் மெல்ல நகர்ந்து விரிசல் இருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது. டானஜர் அறையில் மிதக்கும் ரத்தத் துளிகள் ஓட்டையை நோக்கி நகர்வதும் அதே காட்சிதான். விமர்சகர் அந்தச் சில நொடிகளையாவது இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தொடரின் ரசிகர்