பிக்கப் வண்டியை விற்ற கதை

ஹூஸ்டன்,
12.10.2025

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பழைய பிக்கப் உடலில் வேறு இன்ஜின் பொருத்தி, ஆறு வருடம் வாராவாரம் கூடவே கிடந்து கட்டிய வண்டியை விற்க எனக்கு எப்படி மனம் வந்தது என்று கேட்டிருந்தாய். போனில் இரண்டு வார்த்தையில் சொல்லிவிடக்கூடிய பதில் என்னிடம் இல்லாததால், உட்கார்ந்து எழுதுகிறேன்.

காரணம் என் இடது முழங்கால்தான். அந்த வண்டியின் கிளட்ச் கனமானது. ஹூஸ்டன் நெரிசலில் முக்கால் மணி நேரம் மிதித்தால் இரவெல்லாம் வலி. ஆட்டோமேட்டிக் கியருக்கு மாற்றலாம் என்று பலரும் சொன்னார்கள். ஆனால் ஆறு கியரையும் கையால் மாற்றி ஓட்டுவதற்காகவே அந்த வண்டியை நான் கட்டினேன். ஓட்டாமல் நிறுத்தி வைத்தாலோ பெட்ரோல் கெட்டுப்போகும், ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும், கண்ணெதிரே வண்டி பாழாகும். அதனால் ஓட்டக்கூடிய ஒருவர் கையில் போய்ச் சேரட்டும் என்று முடிவு செய்தேன்.

விற்கப் புறப்பட்ட பிறகுதான் விலை சொல்வது எவ்வளவு கடினம் என்று புரிந்தது. 1991-இல் ஜி.எம்.சி. நிறுவனம் சைக்ளோன் என்றொரு பிக்கப்பை விற்றது உனக்கு நினைவிருக்கலாம். டர்போ பொருத்திய 4.3 லிட்டர் வி6 இன்ஜின், 280 குதிரைத்திறன், நான்கு சக்கர இயக்கம்; கால் மைல் ஓட்டத்தில் ஃபெராரியை முந்திய வண்டி என்று அந்த வருடமே ஒரு அமெரிக்கப் பத்திரிகை சோதித்து எழுதியது. ஏறத்தாழ மூவாயிரம் வண்டிகள்தான் வெளிவந்தன என்றாலும், கம்பெனியின் கணக்கும் பத்திரிகைகளின் சோதனைக் குறிப்புகளும் இருப்பதால் அதற்குச் சந்தையில் ஒரு விலை உண்டு. என் வண்டியோ உலகத்தில் ஒன்றே ஒன்று: 1972 செவ்ரோலெட் சி10 உடல், கார்வெட் காரில் வந்த 6.2 லிட்டர் எல்எஸ்3 இன்ஜின், டிரெமெக் கம்பெனியின் ஆறு கியர் கியர்பாக்ஸ், பின்னால் ஃபோர்டின் ஒன்பது அங்குல ஆக்சில். இதற்கு எந்தக் கம்பெனி பொறுப்பேற்கும்? கட்டியவன் வாய்ச்சொல்லை விட்டால் வாங்குகிறவருக்கு வேறு சாட்சி கிடையாது. ரசீதுகளைக் கூட்டினால் 78,000 டாலர் வந்தது; என் உழைப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தத் தொகை திரும்பி வராது என்பதை ஏற்றுக்கொள்ளவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

வந்தவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்டது, "எத்தனை குதிரைத்திறன்?" என்பதுதான். எங்கே அளந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு காலத்தில் அமெரிக்கக் கம்பெனிகள் மின்னாக்கி, காற்று வடிகட்டி, வண்டியின் சைலன்சர் எதுவும் மாட்டாமல் வெறும் இன்ஜினை ஓடவிட்டு அளந்த எண்ணையே விளம்பரத்தில் போட்டார்கள். 1972 மாடல்களில்தான் எல்லாம் மாட்டிய நிலையில் அளக்கும் நிகரக் கணக்குக்குப் பொதுவாக மாறினார்கள். என் வண்டி பிறந்ததும் அதே வருடம் என்பதால் அந்த நேர்மையை நானும் கடைப்பிடிக்க விரும்பினேன். எல்எஸ்3 இன்ஜினுக்குக் கம்பெனி சொல்வது 430; கியர்பாக்ஸிலும் ஆக்சிலிலும் கரைந்தது போகப் பின்சக்கரத்தில் என் டைனோ தாள் (சக்கரத்துக்கு வந்து சேரும் திறனை அளக்கும் இயந்திரம் தரும் அறிக்கை) காட்டியது 368. அந்த 368-ஐத்தான் எல்லோரிடமும் சொன்னேன். சிலர் முகம் சுருங்கியது, சுருங்கட்டும்.

வாங்கியவர் லூசியானா எல்லையோரம் நெல் விவசாயம் செய்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். வந்தவுடன் இன்ஜினைத் திறந்து காட்டச் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய சிறிய காந்தத்தை எடுத்து, கதவின் அடிப்பகுதி, கேபினின் பின்மூலைகள் என்று துருப்பிடிக்கும் இடங்களாகப் பார்த்து மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். இடது பின்சக்கர வளைவுக்கு மேலே காந்தம் பிடிக்காமல் நழுவியது. "அங்கே உள்ளங்கை அகலத்துக்குப் பட்டி பூசியிருக்கிறேன்; தகடு வெட்டி ஒட்ட என் கைத்திறமை போதவில்லை" என்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்த தாளை நீட்டினேன். அதைப் படித்தார், பிறகு அந்தத் தாள் முழுவதையும் நின்றபடியே படித்தார். ஆகஸ்ட் வெயிலில் ஏசி போட்டு நெரிசலில் நின்றால் இன்ஜின் சூடு 225 டிகிரி ஃபாரன்ஹீட் வரை ஏறுவது, இருக்கைக்குப் பின்னால் கேபினுக்குள்ளேயே இருந்த பெட்ரோல் டேங்கை நான் பின்பக்கம் சேஸிஸுக்கு நடுவில் கொண்டுபோனது, கம்பெனி வண்டிக்குக் கொடுத்த அடையாள எண்ணில் உள்ள எஸ் என்ற எழுத்து அது முதலில் ஆறு சிலிண்டர் வண்டியாகப் பிறந்ததைக் குறிப்பது எல்லாம் அதில் இருந்தன. எந்த வயர் எந்த ஃபியூஸுக்குப் போகிறது என்று வரைந்த படங்கள், வெல்டிங் செய்யும்போது எடுத்த புகைப்படங்கள், ரசீதுகள் எல்லாம் மூன்று கோப்புகள். அன்று பேரம் படிந்தது அந்தக் கோப்புகளால்தான் என்று உறுதியாக நம்புகிறேன். 52,000 டாலருக்கு முடித்தோம்.

இன்ஜின் மாற்றிய வண்டிக்குப் பதிவு எப்படி என்று கேட்டிருந்தாயே. நம் ஊரில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கவிடாது. இங்கே டெக்சாஸில் உரிமைப் பத்திரம் கம்பெனி கொடுத்த அந்த அடையாள எண்ணோடு போகிறது, இன்ஜினோடு அல்ல. 24 வயதைத் தாண்டிய வண்டிக்குப் புகைச் சோதனையும் இல்லை. இருவரும் மாவட்ட வரி அலுவலகத்துக்கே சேர்ந்து போய்ப் பத்திரத்தை மாற்றினோம், 6.25 சதவீத விற்பனை வரியை அவர் கட்டினார். நம்பர் பிளேட்டை நான் கழற்றிக்கொண்டேன். அதற்கு முன் பணத்தை அவர் வங்கியிலேயே உட்கார்ந்து என் கணக்குக்கு மாற்ற வைத்தேன். விலையைவிடக் கூடுதலாகக் காசோலை அனுப்புகிறேன், மீதியை லாரிக்காரரிடம் கொடுத்துவிடுங்கள் என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். அது பழைய மோசடி; மீதியைக் கொடுத்த பிறகுதான் காசோலை செல்லாது என்று தெரியவரும். நீ எதை விற்றாலும் பணம் கணக்கில் ஏறாமல் சாவியைக் கொடுக்காதே.

இனி, உன்னிடம் சொல்லத் தயங்கிய செய்தி. நீ கோவையில் உன் லேத்தில் பித்தளையில் கடைந்து, ஆறு கியர் எண்களையும் பொறித்து அனுப்பிய கியர் குமிழை விற்பதற்கு முன் கழற்றிப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, கடையில் வாங்கிய கறுப்புக் குமிழை மாட்டியிருந்தேன். பெரியவர் புகைப்படக் கோப்பைப் புரட்டியபோது அதைக் கண்டுவிட்டார். அது எங்கே என்றுதான் கேட்டார், தரச் சொல்லவில்லை. உன்னைப் பற்றியும், உன் அப்பாவின் பட்டறையில் நாம் இருவரும் அம்பாசடர் இன்ஜினை முதன்முதலாகப் பிரித்த விடுமுறையைப் பற்றியும் சொன்னேன். கேட்டுவிட்டு, "உங்கள் நண்பர் செய்ததை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். அப்படிச் சொன்ன பிறகு என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை. உள்ளே போய் எடுத்து வந்து, நானே மாட்டிக் கொடுத்தேன். முதல் கியர் போட்டபோது அவர் கட்டைவிரல் நீ பொறித்த எண்ணின் மேல் இருந்தது.

கேட்காமல் கொடுத்ததற்கு உனக்கு வருத்தம் இருந்தால் வெளிப்படையாக எழுது. வருத்தம் இல்லையென்றால், கை ஓய்ந்த ஒரு நாளில் அதே அளவில் இன்னொன்று கடைந்து அனுப்பு. எண்கள் பொறி, மரை மட்டும் வெட்ட வேண்டாம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்