'தானாக நிற்கும்' என்று சொல்லிக் கார் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கார் விற்பனை நிறுவனத்தாருக்கும் விற்பனை ஆலோசகர்களுக்கும்,

வணக்கம்.

மலேசியாவின் பந்திங் வட்டாரத்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை)த் தோட்டமொன்றில் 31 ஆண்டுகள் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வுபெற்றவன் நான். சென்ற ஆண்டு என் மகள் புதுக் கார் வாங்கினாள். கிள்ளானில் தாதியாகப் பணிபுரியும் அவள், பொழுது விடியும் முன்னரே ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் ஏறியாக வேண்டும் என்பதால், பாதுகாப்பு வசதிகள் நிறைந்த உயர்ந்த ரகத்தையே எடுத்தோம். காரை ஒப்படைத்த நாளில் விற்பனையாளர் இருபது நிமிடம் எங்களோடு இருந்தார். அதில் பெரும்பகுதி கைப்பேசியைக் காரின் திரையோடு இணைப்பதிலும் படம் எடுத்துக்கொள்வதிலும் கழிந்தது. ஸ்டியரிங்கில் இருந்த பொத்தான்களைக் காட்டி, "இதை அழுத்தினால் முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானாக ஓடும், தானாக நிற்கும்" என்றார். கியருக்கு அருகிலிருந்த இன்னொரு பொத்தானைக் காட்டி, "சிவப்பு விளக்கில் இதுவும் தானாக நிற்கும்" என்றார். இரண்டு இடத்திலும் எது நிற்கும் என்று அவர் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அந்த ஒரு சொல்லைப் பற்றியே இம்மடலை எழுதுகிறேன்.

சிவப்பு விளக்கில் நிற்பது இயந்திரம் (எஞ்சின்) மட்டுமே. ஓட்டுநர் பிரேக்கை மிதித்துக் காரை நிறுத்தும்போதுதான் அது அணைகிறது. காலை எடுத்தால் மீண்டும் இயங்குகிறது. காரை நிறுத்துவதற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒருவர், அந்தப் பொத்தானின் விளக்கு எரிந்தால் ஆபத்து நேரத்தில் கார் தானே பிரேக் போட்டுக்கொள்ளும் என்று பல மாதங்கள் நம்பியிருந்தார். படித்தவர், பல்லாண்டு கார் ஓட்டியவர். அவருக்கும் யாரோ "தானாக நிற்கும்" என்றுதான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

முன்னால் போகும் வண்டிக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும், அடாப்டிவ் குரூஸ் கண்ட்ரோல் எனப்படும் மற்றொன்றைப் பற்றி எங்களுக்குக் கிடைத்த பாடம் இதைவிடக் கடுமையானது. ஒரு விடியற்காலையில் நானும் மகளோடு சென்றேன். வேகத்தை 80 கிலோமீட்டரில் வைத்திருந்தாள். முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி மெதுவாகப் போனதால் எங்கள் காரும் வேகத்தைக் குறைத்து, இடைவெளி விட்டு ஒழுங்காகப் பின்தொடர்ந்தது. தோட்டத்துச் செம்மண் சாலைக்குள் லோரி திரும்பியதும், முன்னால் வண்டி இல்லை என்று முடிவு செய்த கார், விட்ட வேகத்தைப் பிடிக்க விரைந்தது. சாலையின் இடது ஓரத்தில், மங்கலான பின்விளக்கோடு ஒரு மோட்டார் சைக்கிள் போய்க்கொண்டிருந்ததை அது கணக்கில் எடுக்கவில்லை. நான் அலறினேன், மகள் பிரேக்கை மிதித்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குலை வெட்டும் அரிவாளைக் கோணியில் சுற்றி வண்டியோடு கட்டியிருந்த அந்தத் தொழிலாளி, தனக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதை அறியாமலே போய்விட்டார். என் தந்தையும் அப்படித்தான் இருட்டில் வேலைக்குப் போனவர். அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

காரில் கோளாறு எதுவும் இல்லை என்பதைப் பிறகுதான் அறிந்தேன். முன்பக்கத்து ரேடாரும் கண்ணாடிக்குப் பின்னாலுள்ள கேமராவும் சேர்ந்து பார்க்கும் இவ்வகைக் கருவிகளில், ஒடுங்கிய உடல்கொண்ட மோட்டார் சைக்கிளிலிருந்து திரும்பி வரும் அலை சிறியது. அதுவும் தடத்தின் ஓரமாகவோ வளைவிலோ சென்றால் தவறிப்போகக்கூடும். அசையாமல் நிற்கும் பொருள்களின் நிலையும் இத்தகையதே. அறிவிப்புப் பலகை, பாலத்தின் கைப்பிடி, ஓரத்தில் நிற்கும் வண்டி ஆகிய எல்லாமே காரின் வேகத்தில் எதிரே வருவதாகவே ரேடாருக்குத் தெரியும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டுத் தொல்லை தராதிருக்க, வேகமாகச் செல்கையில் நின்றுகொண்டிருக்கும் பொருள்களைப் பல கருவிகள் ஒதுக்கிவிடுகின்றன. கனமழையும் முன்பக்கத்தில் அப்பிய சேறும் பார்வையை மேலும் குறைக்கும். சில கார்களில் இந்த வசதி முற்றிலும் நிற்கும்வரை துணை வரும். வேறு சிலவற்றில் குறிப்பிட்ட வேகத்திற்குக் கீழே ஓர் ஒலியோடு விலகிக்கொள்ளும், அதன்பின் பிரேக் ஓட்டுநரின் பொறுப்பு. இவ்வெச்சரிக்கைகள் கையேட்டில் இருக்கின்றன. அந்தத் தடித்த நூலை முழுதும் படித்த வாடிக்கையாளர் ஒருவரையும் எங்கள் ஊரில் நான் கண்டதில்லை.

1999இல் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் கிளாஸில் அடாப்டிவ் குரூஸ் கண்ட்ரோல் வந்தபோது அது செல்வந்தர்களின் வசதி. 2021 நவம்பரில் மேம்படுத்தப்பட்ட, பெரோடுவா நிறுவனத்தின் சிறிய காரான மைவியின் உயர்ந்த ரகத்திலேயே அது வந்துவிட்டது. இதை நான் வரவேற்கிறேன். இரவுப் பணி முடிந்து களைத்து வரும் என் மகளுக்கு நெடுஞ்சாலையில் அது உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோர். அதனால்தான் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பிடும் ஆசியான் என்காப் அமைப்பும் 2021 முதல் மோட்டார் சைக்கிளோட்டிகளின் பாதுகாப்புக்குக் காரின் மதிப்பீட்டில் தனி இடம் ஒதுக்கியது. கருவியின் குறை எங்கே என்பதைச் சொல்லாமல் தோட்டத்துச் சாலையில் ஓடும் காரை விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இயந்திரம் அணையும் வசதியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதற்குரிய பேட்டரி சாதாரணமானதன்று. இயந்திரத்தை அடிக்கடி மீண்டும் இயக்குவதைத் தாங்கும் ஏஜிஎம் அல்லது ஈஎஃப்பி வகை, விலையும் கூடுதல். அது தெரியாமல் எங்கள் ஊர்ப் பட்டறையில் மலிவான பேட்டரியை மாற்றிக்கொண்ட உறவினர் ஒருவர், சில மாதங்களிலேயே மீண்டும் செலவு செய்தார். இயந்திரம் அணைந்தால் பெரும்பாலான கார்களில் குளிர்சாதனமும் குளிர்ச்சி தராது என்பதையும், சற்று வெப்பம் ஏறினால் இயந்திரம் தானே இயங்கிவிடும் என்பதையும் சொல்லியிருந்தால், வண்டி கெட்டுவிட்டதென்று முதியவர்கள் பதறியிருக்க மாட்டார்கள்.

ஆகவே உங்களிடம் வேண்டுவது இதுதான். சாவியைக் கொடுக்கும் நாளில் அரை மணி நேரம் வாங்குபவரோடு சாலையில் சென்று, அந்தக் கருவி எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்பதைக் காட்டுங்கள். "தானாக நிற்கும்" என்று சொல்லும்போது இயந்திரமா, காரா என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். தமிழ், மலாய், சீன மொழிகளில் ஒரே பக்கத்தில் எழுதிக் கையேட்டின் முதல் தாளாக வையுங்கள். பேட்டரியின் வகையைப் பானட்டின் உள்ளே பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்.

தமிழ்ப் பக்கத்தை எழுதித்தர நான் அணியமாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தோட்டத்து ஆலய மண்டபத்தையும் கேட்டுப் பெற்றுத்தர முடியும். ஒரு காரோடும் அதை நன்கு அறிந்த ஒருவரோடும் வாருங்கள். கார் வைத்திருப்பவர்களையும், அவர்களுக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களையும் நான் அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
பந்திங், சிலாங்கூர்.